‘வெரி’ எப்போது, ‘டூ’ எப்போது? வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கிரேனில் ஓர் இரும்புச் சட்டத்தைத் தூக்கப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஸ்லிங் மாட்டியவர் மேற்பார்வையாளரைப் பார்த்து, “சார், லோட் இஸ் வெரி ஹெவி” என்கிறார். மேற்பார்வையாளர் தலையசைக்கிறார். கனமான சட்டம்தான், அதற்காகத்தானே கிரேனை வரவழைத்திருக்கிறார்கள். தூக்கச் சொல்லிவிடுகிறார். ஸ்லிங் மாட்டியவர் சொல்ல வந்தது வேறு. இந்தக் கிரேன் இதைத் தாங்காது என்று சொல்ல நினைத்தார். அதற்கு ஆங்கிலத்தில் ‘டூ ஹெவி’ என்று சொல்லியிருக்க வேண்டும். ‘வெரி ஹெவி’ என்பது கனத்தைப் பற்றிய செய்தி. ‘டூ ஹெவி’ என்பது தூக்காதே என்ற எச்சரிக்கை.

இதை ஏதோ இலக்கண நுணுக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. நம் புதுக்கோட்டை மாவட்டத்தின் விராலிமலை, மாத்தூர் பக்கத்துப் பட்டறைகளில் வெல்டராகவும் ஃபிட்டராகவும் கை பழகியவர்கள் பலர் பிறகு சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போகிறார்கள். அறந்தாங்கி, ஆலங்குடி, கீரமங்கலம் வட்டாரங்களில் வெளிநாட்டில் ஒருவராவது வேலை பார்க்காத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சிங்கப்பூர்க் கட்டுமானத் தளத்திலோ ஷிப்யார்டிலோ காலை வேலை தொடங்குமுன் டூல்பாக்ஸ் மீட்டிங் நடக்கும். அங்கே தமிழர், வங்கதேசத்தவர், சீனர், பிலிப்பைன்ஸ்காரர் எல்லாருக்கும் பொதுவாக இருப்பது கொஞ்சம் ஆங்கிலம் மட்டுமே. அந்தக் கொஞ்சத்தில் ‘டூ’ கட்டாயம் இருக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். வெளிநாடு போகாமல் புதுக்கோட்டை மருத்துவமனையில் நர்ஸாகவோ ஓசூர்த் தொழிற்சாலையில் பயிற்சியாளராகவோ சேர்பவருக்கும் இதே நிலைதான்.

நமக்கு ஏன் இந்த இரண்டும் குழம்புகின்றன? காரணம் ‘ரொம்ப’. ‘நிரம்ப’ என்பதன் பேச்சு வடிவமான இந்தச் சொல் இரண்டு வேலையையும் தானே செய்துவிடுகிறது. “காபி ரொம்பச் சூடு” என்று ஒருவர் சொன்னால், ஆவி பறக்க அருமையாக இருக்கிறது என்றும் கொள்ளலாம், நாக்கு வெந்துவிடும், ஆறட்டும் என்றும் கொள்ளலாம். குரலையும் முகத்தையும் அடுத்து வரும் சொல்லையும் வைத்துக் கேட்பவர் புரிந்துகொள்வார். பழைய தமிழிலும் மிகுதியைச் சொல்லும் சொற்களுக்குப் பஞ்சமில்லை. தொல்காப்பியர் உறு, தவ, நனி என்று மூன்றைச் சொல்ல, நன்னூலார் அதை ஆறாக்கினார். ஆனால் அந்தப் பட்டியலில் இருப்பதெல்லாம் மிகுதிதான். ஆங்கிலம் இங்கே கோடு போட்டுப் பிரிக்கிறது. அதிகம் என்றால் ‘வெரி’. அளவு தாண்டிவிட்டது, ஆகவே ஆகாது என்றால் ‘டூ’. தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் நம் முகம் தெரியாது. அங்கே இந்தக் கோட்டைச் சொல்தான் காட்ட வேண்டும்.

எது எங்கே என்று கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை இருக்கிறது. நம் பேச்சுத் தமிழ் ஏற்கனவே ‘ஓவர்’ என்ற சொல்லைக் கடன் வாங்கி வைத்திருக்கிறது. “ஓவராப் பேசாதே”, “உப்பு ஓவர்”, “சவுண்டு ஓவரா இருக்கு” என்கிறோம். நீங்கள் ஆங்கிலத்தில் சொல்ல வரும் வாக்கியத்தை முதலில் தமிழில் ‘ரொம்ப’ போட்டு மனத்துக்குள் சொல்லுங்கள். அந்த ‘ரொம்ப’வை எடுத்துவிட்டு ‘ஓவர்’ போட்டுப் பாருங்கள். நீங்கள் நினைத்த பொருள் அப்படியே இருந்தால் ‘டூ’. பொருள் கெட்டுவிட்டால் ‘வெரி’. “உப்பு ரொம்ப” என்பதை “உப்பு ஓவர்” என்று மாற்றலாம், ஆகவே ‘டூ மச் சால்ட்’. “எங்கள் மேனேஜர் ரொம்ப நல்லவர்” என்பதில் ‘ஓவர்’ போட்டால் பாராட்டு கெட்டு ஏளனமாகிவிடும், ஆகவே ‘வெரி குட்’. பத்து வாக்கியங்களில் செய்து பார்த்தால் பழகிவிடும்.

பள்ளியில் இதே விதியை எல்லாரும் படித்திருக்கிறோம். ‘டூ’ வரும் வாக்கியத்தைக் கொடுத்து, அதை நீக்கி, ‘சோ... தட்... கேனாட்’ போட்டு எழுதச் சொல்வார்கள். “ஹி இஸ் டூ வீக் டு வாக்” என்பது “ஹி இஸ் சோ வீக் தட் ஹி கேனாட் வாக்” என்றாகும். மதிப்பெண் வாங்கியதோடு அதை மூட்டை கட்டிவிடுகிறோம். அந்தப் பயிற்சி சொல்லித்தரும் உண்மை வாழ்நாள் முழுக்க உதவக்கூடியது: ‘டூ’வுக்குள் ஒரு ‘முடியாது’ ஒளிந்திருக்கிறது. வாக்கியத்தில் ‘நாட்’ இல்லாவிட்டாலும் கேட்பவர் காதில் அது விழும்.

அது விழும் இடத்தை நேர்முகத் தேர்வில் பாருங்கள். புதுக்கோட்டையிலிருந்து போன இளைஞரிடம், “ஓசூரில் வேலை, வருவீர்களா?” என்று ஹெச்.ஆர். அதிகாரி கேட்கிறார். இளைஞர், “சார், ஓசூர் இஸ் டூ ஃபார்” என்கிறார். தொலைவுதான், ஆனாலும் வருகிறேன் என்பது அவர் நினைப்பு. அதிகாரியின் காதில் விழுவது, தொலைவு, ஆகவே வரமாட்டேன். அடுத்த கேள்வி வரும் முன்பே வேலை கைநழுவியிருக்கலாம். “இட் இஸ் வெரி ஃபார், பட் ஐ ஆம் ரெடி டு மூவ்” என்று சொல்லியிருந்தால் உள்ளதையும் சொன்னதாயிற்று, சம்மதமும் தெரிந்திருக்கும். “ஐ ஆம் டூ இன்ட்ரஸ்டட் இன் திஸ் ஜாப்” என்று சொல்கிறவர்களும் உண்டு. ஆர்வத்தைக் காட்ட வந்த வாக்கியம் ஆர்வமே குறை என்பதுபோல் ஒலிக்கும். அங்கே ‘வெரி இன்ட்ரஸ்டட்’ போதும்.

பட்டறையில் இந்தக் கோடு காசு சம்பந்தப்பட்டது. டிராயிங்கில் ஒரு துளை 50 மில்லிமீட்டர் என்று இருக்கிறது, அதற்கு ஒரு டாலரன்ஸும் கொடுத்திருக்கிறார்கள். “த ஃபிட் இஸ் வெரி டைட்” என்று நீங்கள் எழுதினால், டிசைன் செய்தவர் அது இறுக்கமாகத்தானே இருக்க வேண்டும் என்று அடுத்த வேலைக்குப் போய்விடுவார். பல இடங்களில் பொருத்தம் வேண்டுமென்றே இறுக்கமாக வைக்கப்படுகிறது. “டூ டைட்” என்று எழுதினால் அளவு டாலரன்ஸைத் தாண்டிவிட்டது, ரீவொர்க் செய்ய வேண்டும் என்று பொருள். நல்லதாக இருக்கும் பாகத்தை ‘டூ டைட்’ என்று எழுதிவிட்டால் அதைத் தேவையில்லாமல் கடைந்து கெடுத்துவிடுவார்கள். ஆகவே ‘டூ’வைத் தாராளமாக அள்ளித் தெளிப்பதும் ஆபத்துதான்.

மருத்துவமனையில் இது இன்னும் கூர்மையாகிறது. டூட்டி மாறும்போது ஒரு சிஸ்டர் இன்னொரு சிஸ்டரிடம் நோயாளியை ஒப்படைக்கிறார். “டிரிப் இஸ் ரன்னிங் வெரி ஃபாஸ்ட்” என்றால், ரத்த அழுத்தம் சரிந்த நோயாளிக்கு மருத்துவர் வேகமாகத் திரவம் ஏற்றச் சொல்லியிருக்கலாம், அதுவே சரியான வேகமாக இருக்கலாம். “ரன்னிங் டூ ஃபாஸ்ட்” என்றால் உடனே வேகத்தைக் குறைத்துவிட்டு மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இரண்டு வாக்கியத்துக்கும் வேறுபாடு ஒரு சொல், அதைக் கேட்டுச் செய்யும் காரியம் நேர் எதிர். புதுக்கோட்டையில் 2017இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்த பிறகு சுற்றுக் கிராமங்களின் பிள்ளைகளுக்கு மருத்துவமனை வேலை கண்ணுக்கு எட்டும் இடத்திலேயே இருக்கிறது. அவர்களில் வெளிநாட்டு மருத்துவமனைகளை நோக்கிப் படிப்பவர்களும் இருக்கிறார்கள். கடினமான மருத்துவச் சொற்களை மனப்பாடம் செய்யும் அதே அக்கறையை இந்தச் சின்னச் சொற்களுக்கும் கொடுங்கள் என்று அவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். மருத்துவச் சொல் தெரியாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்வீர்கள். தெரிந்ததாக நினைக்கும் சொல்லை யாரும் கேட்பதில்லை.

அலுவலக வேலைக்காரர்களுக்குக் கணினியே ஆசிரியர். கோப்பு பெரிதாக இருந்தால் ‘ஃபைல் டூ லார்ஜ்’ என்று திரையில் வரும், ஏனென்றால் ஒரு வரம்பு இருக்கிறது. ஜிமெயிலில் இணைப்புக்கு 25 எம்.பி. வரை மட்டுமே இடம். தவறான கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பப் போட்டால் ‘டூ மெனி அட்டெம்ப்ட்ஸ்’ என்று பூட்டிக்கொள்ளும். இணையதளத்தை அளவுக்கு மேல் தட்டினால் 429 என்ற எண்ணோடு ‘டூ மெனி ரிக்வெஸ்ட்ஸ்’ வரும். இந்த இடங்களில் கணினி ‘வெரி லார்ஜ்’ என்று சொல்வதில்லை. அதற்குப் பெரிது, சிறிது என்ற வியப்பு கிடையாது, வரம்புக்குள் இருக்கிறதா இல்லையா என்பதே அதன் கவலை. வேலைத்தளத்தில் ‘டூ’ சொல்லும்போது நீங்களும் உள்ளுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அதுதான்: எந்த வரம்பு?

அந்த வரம்பை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் குழப்பத்துக்கே இடமில்லை. ‘டூ ஹெவி’ என்று நிறுத்தாமல் ‘டூ ஹெவி ஃபார் திஸ் கிரேன்’ என்று ‘ஃபார்’ சேர்த்துச் சொல்லுங்கள். செய்ய முடியாத காரியத்தைச் சொல்ல வேண்டுமானால் ‘டூ ஹெவி டு லிஃப்ட்’. இதில் முதல் ‘டூ’ நெடில், அழுத்தம் அதன்மேல் விழும். இரண்டாவது ‘டு’ குறில், சட்டென்று கடந்துவிட வேண்டும். எழுதும்போது முதல் சொல்லில் ஓ என்ற எழுத்து இரண்டு, இரண்டாவதில் ஒன்று. தெரிந்தால் எண்ணையும் சேர்த்துவிடுங்கள்: “லோட் சிக்ஸ் டன், லிமிட் ஃபைவ் டன்.” இப்படிச் சொன்னால், உச்சரிப்பு எப்படி இருந்தாலும் யாரும் பொத்தானை அழுத்த மாட்டார்கள்.

நேரடியாக ‘டூ’ போட்டுப் பேசினால் பெரியவரைக் குறை சொல்வதுபோல் இருக்குமே என்று தயங்குகிறவர்களுக்கு ‘இனஃப்’ உதவும். ‘த கேபிள் இஸ் டூ ஷார்ட்’ என்பதை ‘நாட் லாங் இனஃப்’ என்றால் அதே செய்தி சற்று மென்மையாகிவிடும். ‘இனஃப்’ எப்போதும் ‘லாங்’, ‘பிக்’ போன்ற சொல்லுக்குப் பின்னால் வரும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

சில தவறுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ‘டூ மச் ஹெவி’ தவறு, ‘டூ ஹெவி’ போதும். ‘டூ மச்’ என்றால் எண்ண முடியாத பொருள் பின்னால் வர வேண்டும்: டூ மச் ஒர்க், டூ மச் வாட்டர். எண்ண முடிந்ததற்கு ‘டூ மெனி’: டூ மெனி மிஸ்டேக்ஸ். ‘வெரி பெட்டர்’ என்று ஒன்று இல்லை, ‘மச் பெட்டர்’ என்று சொல்லுங்கள். ‘ஐ வெரி லைக்’ கிடையாது, ‘ஐ லைக் இட் வெரி மச்’. ‘வெரி மச் ஹேப்பி’யில் ‘மச்’ தேவையில்லை. ‘வெரி எக்ஸலன்ட்’, ‘வெரி பர்ஃபெக்ட்’ இரண்டும் காதுக்கு ஒட்டாது. ஏற்கனவே உச்சியில் இருக்கும் சொற்களுக்கு ‘அப்சல்யூட்லி’ போடலாம் அல்லது ஒன்றும் போடாமல் விடலாம். வாக்கியத்தின் கடைசியில் வரும் ‘டூ’வுக்கு ‘உம்’ என்று பொருள், ‘ஐ வில் கம் டூ’ என்றால் நானும் வருகிறேன். அதற்கும் மேலே சொன்னதற்கும் சம்பந்தமில்லை.

பாராட்டும்போது ‘டூ குட்’ என்று சொல்வது நம் நாட்டில் பரவலான வழக்கம். நண்பர்களுக்குள் அதில் தவறேதும் இல்லை, கேட்பவருக்கும் பாராட்டு என்று தெரியும். ஆனால் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு, “யுவர் ப்ராடக்ட் இஸ் டூ குட்” என்று எழுதினால் அடுத்து ஏதோ ‘ஆனால்’ வரப்போகிறது என்று அவர் காத்திருப்பார். அவருக்கு ‘வெரி குட்’ எழுதுங்கள்.

விதிக்கு அடங்காத சில தொடர்களும் உண்டு. ‘ஒன்லி டூ ஹேப்பி டு ஹெல்ப்’ என்றால் உதவ மிகவும் மகிழ்ச்சி என்று பொருள், இதில் மறுப்பு இல்லை. ‘யூ ஆர் டூ கைண்ட்’ என்பது நன்றியின் ஒரு வடிவம். ‘நாட் டூ பேட்’ என்று உங்கள் வேலையைப் பார்த்து மேலதிகாரி சொன்னால் கவலைப்பட வேண்டாம், நன்றாகவே செய்திருக்கிறீர்கள். இவற்றைக் கேட்டால் புரிந்துகொண்டால் போதும். நீங்களாகப் பயன்படுத்துவதற்கு அவசரமில்லை.

கவலைப்பட வேண்டியது வேறோர் இடத்தில். ‘யுவர் ரிப்போர்ட் இஸ் எ பிட் டூ லாங்’ என்று அதிகாரி எழுதினால், ‘எ பிட்’ என்ற சொல்லில் மயங்கி, கொஞ்சம்தானே என்று விட்டுவிடுகிறார்கள். ‘எ பிட்’ வெறும் மரியாதைக்கு. பின்னால் வரும் ‘டூ’தான் ஆணை: சுருக்கித் தா. ‘ஸ்லைட்லி டூ லேட்’, ‘எ லிட்டில் டூ லவுட்’ எல்லாமே அப்படித்தான். திருத்திவிட்டு அன்றே பதில் அனுப்புங்கள். ‘க்வைட்’ என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். அமெரிக்கர் ‘க்வைட் குட்’ என்றால் பெரும்பாலும் நல்ல பாராட்டு. பிரிட்டிஷ்காரர் அதே சொல்லைச் சொன்னால் பல நேரங்களில் ‘பரவாயில்லை’ என்ற அளவுதான்.

ரெஸ்யூமேயில் என்ன செய்வது? அங்கே ‘வெரி’யும் வேண்டாம், ‘டூ’வும் வேண்டாம். ‘வெரி ஹார்டுவொர்க்கிங்’, ‘வெரி சின்சியர்’ என்று எழுதும் இடத்தில் செய்த வேலையை எழுதுங்கள். எந்தப் பட்டறை, எத்தனை மாதம், எந்த வகை வெல்டிங், எந்தப் பொசிஷன், எந்தச் சான்றிதழ். ஐ.டி.ஐ. முடித்தவர் அப்ரென்டிஸ் காலத்தில் கையாண்ட இயந்திரங்களின் பெயரைப் போட்டாலே ‘வெரி எக்ஸ்பீரியன்ஸ்ட்’ என்பதைவிட அதிகம் பேசும். கல்லூரியில் படிக்கிறவர்கள் 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் ஆங்கிலப் பயிற்சியை வருகைப்பதிவுக்காக உட்கார்ந்து கழிக்காமல், மேலே சொன்ன வாக்கியங்களை அங்கே வாய்விட்டுப் பேசிப் பழகலாம். ஆங்கிலம் நமக்கு வராது என்ற தயக்கம் வேண்டாம். திருமயத்தில் பிறந்த விடுதலைப் போராட்டத் தலைவர் சத்தியமூர்த்தி ஆங்கில மேடைப் பேச்சிலும் சட்டமன்ற வாதத்திலும் பெயர் எடுத்தவர். புதுக்கோட்டையில் பிறந்து இங்கே மகாராஜா கல்லூரியில் படித்த முத்துலட்சுமி ரெட்டி 1912இல் சென்னையில் மருத்துவப் பட்டம் வாங்கினார். இந்த மண்ணுக்கு ஆங்கிலம் புதிதும் இல்லை, எட்டாததும் இல்லை.

கடைசியாக, ‘டூ’ வரும் தொடர்களிலேயே நம் மாவட்டத்து இளைஞர்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டியது ‘டூ குட் டு பி ட்ரூ’. நம்ப முடியாத அளவுக்கு நன்றாக இருக்கிறது, ஆகவே உண்மையாக இருக்காது என்று பொருள். கம்போடியாவிலும் மியான்மரிலும் டேட்டா என்ட்ரி வேலை, கை நிறையச் சம்பளம் என்று அழைத்துப்போய், இணைய மோசடிக் கும்பல்களிடம் அடைத்துவைக்கப்பட்ட இந்தியர்களை அரசு மீட்டுவர வேண்டியிருந்தது. தமிழ்நாட்டு இளைஞர்களும் அதில் சிக்கியிருக்கிறார்கள். அழைப்புக் கடிதத்தில் ‘வெரி குட் சாலரி, வெரி ஈஸி ஒர்க், நோ எக்ஸ்பீரியன்ஸ்’ என்று ‘வெரி’கள் வரிசையாக நின்றால், உங்கள் மனத்தில் ‘டூ’ எழ வேண்டும்.

எழுந்த பிறகு செய்ய வேண்டியவை: ஏஜென்ட்டின் உரிம எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் தேடிப் பாருங்கள். உரிமம் பெற்ற முகவர் வேலை தேடுபவரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும்தான் உச்சவரம்பு. லட்சக்கணக்கில் கேட்டால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடலாம். 1978இல் தமிழக அரசு தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, அங்கும் விசாரியுங்கள். பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடியேற்ற அனுமதி வாங்கியாக வேண்டும். அதைத் தவிர்க்க டூரிஸ்ட் விசாவில் போய்விடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் அங்கே ஒர்க் பெர்மிட்டில் போகிறவருக்கு ஐ.பி.ஏ. என்னும் முதற்கட்ட ஒப்புதல் கடிதம் புறப்படும் முன்பே கைக்கு வர வேண்டும், அவருடைய தாய்மொழியில் அதன் பிரதியும் கிடைக்க வேண்டும். அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தம் எல்லாம் அதில் இருக்கும். ஏஜென்ட் வாயால் சொன்ன தொகையை அதன் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, பொருந்தாத வரியைச் சுட்டிக்காட்டி விளக்கம் கேட்டு, அது எழுத்தில் வந்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.